பதினேழு இருமலும் ஒரு மடலும்

கோடு கிழித்தே கதை சொன்ன கைக்குச் சொந்தக்காரரே! அசையாத படத்தை அசைய வைத்து, பேசாத படத்தைப் பேச வைத்து, ஓயாமல் பேசும் எங்களை மட்டும் ஒற்றைப் பார்வையில் ஓய வைத்தவரே! மேகம் ஒன்றை மிதக்க விட நாற்பது நாளும், மதிய உணவை முடிக்க நான்கே நிமிடமும் எடுத்துக்கொண்ட மாதரசியே! வண்ணங்களின் வாசல் திறந்தவரே! கணினியின் கடவுச்சொல்லை மட்டும் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ளாத கலைச்செல்வியே! எங்கள் பல்லூடகப் பிரிவின் முப்பத்து நான்கு ஆண்டு முதுகெலும்பே! இன்று பணி நிறைவு காணும் தங்களுக்கு, தங்களால் வேலை கற்றவர்களும், தங்களிடம் திட்டு வாங்கியவர்களுமாகிய நாங்கள் (இருவரும் ஒருவரே) எழுந்து நின்று வாசிக்கும் மடல் இது.

இதே பாணியில் இன்னும் இரண்டு பக்கம் எழுதி, வாசித்துப் பார்த்து, எங்களுக்கு நாங்களே கைதட்டியும் கொண்டோம். எப்படியோ அது தங்கள் காதுக்கு எட்டிவிட்டது. "புகழ்ந்தீங்கன்னா பாதியில எந்திரிச்சுப் போயிடுவேன். கதையா சொல்லுங்க, உட்கார்ந்து கேக்குறேன்" என்று சொல்லிவிட்டீர்கள். தாங்கள் எழுந்து போனால் எப்படி இருக்கும் என்பதைச் சென்ற மாதம்தான் பார்த்தோம். இன்னொரு முறை பார்க்க எங்களுக்குத் தெம்பில்லை. ஆகவே 'தாங்கள்' என்பதை இந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டு, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். வேலைக்கு வரும்வரை கதையில் 'அவள்' என்றுதான் வரும். பொறுத்தருள வேண்டும்.

அந்தச் சிறுமியின் அப்பா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். படம் எடுக்கும்போது யாராவது அசைந்துவிட்டாலோ, ஃபிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டாலோ அது பழுது. பழுதானவற்றில் சிலவற்றை ஒரு பழுப்பு உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் மாலையில் மிட்டாயோடு வந்தார்கள். இவளுடைய அப்பா யாரோ ஒருவரின் விலா எலும்போடு வந்தார்.

அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. கறுப்பு ஃபிலிமை ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் வெளிச்சம் வரும் என்பதை ஏழு வயதில் அவளாகவே கண்டுபிடித்தாள். கீறிய ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைப்பாள். மாலை வெயில் அதன் வழியே நுழைந்து சுவரிலும், கட்டில் விரிப்பிலும், அசந்து தூங்கும் அம்மாவின் முதுகிலும் மெல்லிய மீன்களாக விழும். வெயில் நகர நகர மீன்களும் நகரும். விலா எலும்புகள் அவளுக்கு அலைகள். முழங்கால் ஒரு மலை. விரல்கள், இலை உதிர்ந்த ஒரு காடு. யாருடைய உடம்பு என்று அவள் கேட்டதே இல்லை. அவள் பாட்டுக்கு அதற்குள் நுழைந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நான்கு வயது மூத்த அண்ணன் ஒருவன். விடுமுறை நாள் மதியங்களில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டால் அது அவர்களுடைய கொட்டகை. அண்ணன் டார்ச் அடிப்பான். இவள் ஃபிலிம் பிடிப்பாள். ஒரு நாள், படகு கீறிய ஃபிலிமை விலா எலும்பு ஃபிலிமின் மேல் வைத்து மெல்ல இழுத்தாள். போர்வைமேல் படகு அலைகளைத் தாண்டிப் போயிற்று. அண்ணன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டான்.

"ஏய், போகுதுடி! நிஜமாவே போகுது!"

"வெளிச்சத்தைக் காட்டுண்ணா, படகு மூழ்கிடப் போகுது!"

அன்றைக்கு ஏறிய படகிலிருந்து அவள் இன்னும் இறங்கவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. இப்போதும் எங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்கள் எங்கோ போய்விடும். நாலு முறை கூப்பிட்ட பிறகு "ம்?" என்பார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

பதினோராவது வயதில் ஒரு தப்பு நடந்தது. மறுநாள் விடிந்ததும் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய ஃபிலிம் ஒன்றை, அதே மாதிரிப் பழுப்பு உறையில் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தார். அது பழுதான ஃபிலிம் இல்லை. அவள் கேட்கவில்லை. எடுத்தாள், கீறினாள். ஒரு தோள்பட்டையின் மேல் இறகு இறகாக ஒரு பறவை. அதுவரை அவள் கீறியதிலேயே அழகானது அதுதான்.

அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் மூட்டை தூக்குபவர். வலது கையைத் தூக்க முடியாமல், இரண்டு பேருந்து மாறி வந்து, மறுபடியும் படம் எடுத்துக்கொண்டார். அப்பா அவளைக் கூட்டிப்போய் அவர் முன்னால் நிறுத்தினார். அவர் ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பறவை நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா எனக்கு வலிக்குதே."

அப்பாவிடம் மருத்துவமனையில் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். வீட்டில் அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா, அதுல கை வைக்கிறதுக்கு முன்னால கேக்கணும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இருமினார். அவருக்கு எப்போதும் ஓர் இருமல் உண்டு. இரண்டு சின்னது, பின்னால் ஒரு பெரியது. இருட்டறையில் ஃபிலிம் கழுவும் மருந்தின் நெடியால் வந்தது என்பார்கள். அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்பதை வீட்டில் அந்த இருமலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

பிறகு அவள் வளர்ந்து, ஓவியம் படித்து, இந்த அலுவலகத்துக்கு வந்து 'அவர்' ஆனார். அப்போது இங்கே பல்லூடகம் என்ற சொல்லே கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை, ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், ஒரு கால் ஆடும் மேசை, அவ்வளவுதான் பிரிவு. பள்ளிகளுக்கான பாடப் படங்களை ஸ்லைடில் வரைவது வேலை. ஸ்லைடோடு ஒலிநாடா வந்து சேர்ந்தது. அப்புறம் வீடியோ, அப்புறம் கணினி, அப்புறம் விரலால் தொட்டால் விரியும் திரை. புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கும்போதெல்லாம் மற்றவர்கள் "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா" என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள். அவர் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் அறுவைக்குப் போகும் குழந்தைகளின் பயம் போக அவர் செய்த மூன்று நிமிடப் படத்தில், கண்ணுக்குள் ஒரு குட்டி வீடு இருக்கும். அதன் ஜன்னலைத் துடைக்க ஒருவர் ஏணியோடு வருவார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் குழந்தை மருத்துவரிடம் "ஏணி எங்கே?" என்று கேட்டு அடம்பிடித்ததாம். மருத்துவமனையிலிருந்து அதை ஒரு புகாராகத்தான் எழுதி அனுப்பினார்கள். அவர் அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

காலையில் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நகல் எடுத்தாச்சா?" படம், ஒலி, எழுத்து எதுவாக இருந்தாலும் நகல் ஒன்று எடுத்து வைக்காமல் அசலைத் தொடக்கூடாது. தொட்டவர் அன்றைக்குத் தொலைந்தார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நகலக்கா. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியாது என்று இருபது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தோம். போன வாரம்தான், "உங்க நகலக்கா கையெழுத்துப் போட்டாச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று கோப்பை நீட்டினார்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேலைக்கு வந்த முதல் ஆண்டு, தன் முதல் அசையும் படத்துக்காக அவர் வீட்டில் ஒத்திகை பார்த்தார். பழைய ஃபிலிம்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து, படகு போகிற கதையை வாய்விட்டுச் சொல்லி, அதைக் கேசட்டில் பதிந்தார். அப்போது ஓய்வு பெற்றிருந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஃபிலிம் சுருளாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்களும் ஏதாவது பேசுங்கப்பா" என்றால் வெட்கப்பட்டு, மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். ஆறு நிமிட நாடாவில் மகளின் குரலுக்கு நடுநடுவே அவருடைய இருமல் மட்டும் விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அப்பா போய்விட்டார். பேச்சாகவோ பாட்டாகவோ அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை.

ஊருக்கெல்லாம் நகல் எடுக்கச் சொன்னவர் அந்தக் கேசட்டுக்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. காரணம் சின்னது. கேசட்டை நகல் எடுக்க வேண்டுமென்றால் அதை முழுதாக ஓட விட வேண்டும், ஓட விட்டால் கேட்க வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவருக்கு அதற்கு மனம் வரவில்லை. சென்ற மாதம் அலமாரியை ஒழிக்கும்போதுதான் அதை எங்கள் ஒலிப்பதிவாளரிடம் கொடுத்தார். பக்கத்துக் கட்டடத்து மின்விசிறி சத்தம்கூட அந்த ஒலிப்பதிவாளருக்குக் கேட்கும் என்பதால் நாங்கள் அவரைப் பூனைக்காது என்போம்.

"இதைக் கணினியில ஏத்திக் கொடுங்க. நான் கூட இருக்க மாட்டேன். நீங்களே கேட்டு ஏத்திடுங்க."

பூனைக்காதுக்கு அழுகையே வந்துவிட்டது. நகலக்கா ஓய்வில் போகும்போது கொடுத்த வேலை! ஏற்றியது போதாது, அழகுபடுத்தியும் தர வேண்டும் என்று முடிவு செய்தார். மூன்று நாள் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. நாடாவின் இரைச்சலை எடுத்தார். தெருவில் போன வண்டியை எடுத்தார். இருமலை எடுத்தார். கணினியில் ஏற்றியிருந்த பழையதன்மேலேயே புதியதைச் சேமித்தார். அதோடு விட்டாரா? பழைய கேசட்டிலேயே புது ஒலி கேட்டால் அக்கா அசந்துபோவார் என்று, அதை மறுபடி அந்தக் கேசட்டிலேயே பதிந்தார். யாரும் தவறி அழித்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பல்லை நகலக்கா அன்றே உடைத்து வைத்திருந்தார். பல் உடைந்த கேசட்டில் புதிதாக எதுவும் பதியாது; பூனைக்காது அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒட்டிவிட்டுத்தான் பதிந்தார். இந்தத் தப்பைச் செய்ய இந்தத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

காலைத் தேநீர் நேரத்தில் எல்லாரும் கூடியிருக்க, வண்ணத்தாள் சுற்றிக் கொடுத்து, அங்கேயே ஓட விட்டோம். கழுவி வைத்த கண்ணாடிபோல அந்த இளம்பெண்ணின் குரல் வந்தது. நகலக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் முகம் மலர்ந்திருந்தது. அப்புறம் எதையோ எதிர்பார்த்தது. ஆறு நிமிடமும் முடிந்தது.

"இருமல் எங்கே?"

பூனைக்காது பெருமையோடு சொன்னார். "பதினேழு இருந்துச்சுக்கா. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

"நகல் எடுத்தாச்சா?"

தினமும் கேட்கும் அதே கேள்வி, அதே குரல். அப்போதுதான் பூனைக்காதுக்கு உறைத்தது. எங்களுக்கும்தான். நகலக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக மணி பதினொன்றுக்கு வீட்டுக்குப் போனார்.

அவர் இரண்டு நாள் வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. இந்த விழாவுக்கு மண்டபம் சொல்லியிருந்தோம், நாற்காலி சொல்லியிருந்தோம். யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. பூனைக்காது சாப்பிடவில்லை. படத்தொகுப்பாளர் அம்மா, "நாமளே இருமிப் பதிஞ்சு ஒட்டிடலாமா?" என்று கேட்டார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறோம், ஒலியறையில் ஆளுக்கு ஒருமுறை இருமியும் பார்த்தோம். எல்லாம் அலுவலக இருமலாக இருந்தது.

அந்த இரண்டு நாள் கதையை அவருடைய அண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். முதல் நாள் முழுக்க அவர் கட்டிலில் படுத்து, அந்த இருமலை மனதுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறார். இருபது ஆண்டுக்கு முந்தைய ஸ்லைடில் எந்த நீலத்தைப் பூசினோம் என்று சொல்லக்கூடியவர், பெரிய இருமல் முதலில் வருமா கடைசியில் வருமா என்று தடுமாறிப்போனார். அப்பா இரண்டாம் முறை போய்க்கொண்டிருப்பது அப்போதுதான் புரிந்தது. பயந்துவிட்டார். மறுநாள் பேருந்து ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனார். கல்யாணமோ சாவோ இல்லாமல் அவர் அந்த வீட்டுப் படி ஏறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சண்டையொன்றும் கிடையாது. வேலை, வேலை என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர்.

"அண்ணா, அப்பா எப்படி இருமுவாரு?"

அண்ணன் சிரித்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இருமிக் காட்டினார். "இல்லண்ணா, இப்படி இல்ல." மறுபடி இருமினார். "ம்ஹூம்." "கேட்டா வருமா? இரு, டீ போடுறேன்" என்று அண்ணன் உள்ளே போனார். இவர் கூடத்தில் உட்கார்ந்து, ஜன்னல் திரை காற்றில் உப்புவதையும் ஒட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. ஒரு கரண்டி விழுந்தது. அப்புறம் சமையலறையிலிருந்து இரண்டு சின்னது, பின்னால் ஒரு பெரியது.

நகலக்கா எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "சர்க்கரை எவ்வளவு?" என்று உள்ளே இருந்து அண்ணன் கேட்டார்.

மூன்றாம் நாள் காலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல அவர் ஒலியறையில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். நகலக்கா எதிரே உட்கார்ந்து ஒலிவாங்கியை அவர் பக்கம் திருப்பினார். இருமச் சொல்லவில்லை. "நான் ரெண்டாவது படிக்கறப்போ எப்படிண்ணா இருந்தேன்?" என்றார். அண்ணன் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார். நடுவில் தானாக அது வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பூனைக்காது எதையும் நிறுத்தாமல் பதிந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பூனைக்காது ஒரு தாளை நீட்டினார். "பதினேழும் எந்தெந்த நொடியில இருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்கேன்க்கா. இதை அங்கங்க வச்சுட்டா பழையபடி ஆயிடும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"நான் கண்டுபிடிப்பேன்" என்றார் நகலக்கா. "அது அப்பாவோடது. போச்சு. இது அண்ணனோடது. அண்ணன் பேர் போட்டுத் தனியா வைங்க."

பூனைக்காது தலை குனிந்து நின்றார். "என்னை மன்னிச்சுடுங்கக்கா."

"மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொன்னா பொய்யாயிடும். இன்னும் வலிக்குது. ஆனா நாளைக்கும் ரெண்டு மணிக்கு அண்ணன் வருவாரு. மைக் வைக்க நீங்கதான் இருக்கணும், வேற யாரும் வேண்டாம்."

"நான்தான் இன்னும் இருக்கேன்ல?" என்றார் அண்ணன், யாரிடம் என்றில்லாமல். "கேக்கறதை எல்லாம் கேளு."

அன்றிலிருந்து தினமும் மதியம் அவர் வந்தார். பதினோரு மணி நேரம் பதிவாகியிருக்கிறது. ஐந்து இடங்களில் நகல் இருக்கிறது. எங்கள் தப்பை இந்த மடலில் எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தோம். "எழுதினாத்தான் விழாவுக்கு வருவேன்" என்று சொன்னவர் நகலக்கா. எழுதிவிட்டோம்.

கதை முடிந்தது. மடித்து வைத்த 'தாங்கள்' என்பதை இப்போது விரிக்கிறோம்.

அன்புக்குரியவரே! ஆசைப்பட்ட ஓவியத்தையே ஆயுளின் வேலையாக்கிக்கொண்ட அரியவரே! தாங்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தவை பல. தங்களிடமிருந்து நாங்கள் அழித்தது ஒன்று. முன்னதற்கு நன்றி சொல்லச் சொல் போதவில்லை. பின்னதற்கு மன்னிப்புக் கேட்கும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம். இத்தகைய மடல்கள் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு வாழ்க என்று முடியும். தங்களுக்கு அவ்வாறே வாழ்த்துகிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் அண்ணனுக்கும் அதே நலம், அதே நூறு. அவருடைய மருத்துவரிடம் மட்டும், எல்லாவற்றையும் குணப்படுத்துங்கள், அந்த ஒன்றைக் கொஞ்சம் விட்டுவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி தாங்கள் ஏற்புரை வழங்க வேண்டும். மேடையில் ஒலிவாங்கி திறந்திருக்கிறது, பூனைக்காது பதிந்துகொண்டிருக்கிறார். தாங்கள் பேசலாம், பேச்சு வராமல் நிற்கலாம், தொண்டையைச் செருமலாம், அழலாம், எங்களைத் திட்டலாம். எவ்வளவு நேரமானாலும் சரி. எதையும் வெட்ட மாட்டோம்.

தங்கள் நாற்காலியை யாரும் பின்னுக்கு இழுக்காமல் பார்த்துக்கொள்ளும்,
பல்லூடகப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்
(முதல் கையெழுத்து: ஒலிப்பதிவாளர்)